பால்பல் விழட்டும் என்றார்கள்

அன்பு மகள் ரலிட்சாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி யோவாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் பாதிதான் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி கலோயானுக்குத் தாடை ஆபரேஷன் முடிந்து சோபியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பரால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், பீன்ஸ் சூப்பைக்கூட அரைத்து வடிகட்டித்தான் கொடுக்கிறேன். சின்ன வயதில் அவன் கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி நின்றதும், பள்ளிக்கூடத்தில் மண்வெட்டி என்று கூப்பிட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நம் விதின் ஊர் டாக்டர், பால்பல் எல்லாம் விழட்டும், தானா சரியாயிடும் என்றார், நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. சோபியாவில் ஆபரேஷன் செய்த டாக்டர், ஏழெட்டு வயசுல வந்திருந்தா மேல்தாடையை மெல்ல முன்னால இழுக்க ராத்திரி மாட்டுற கருவியே போதும்மா, ஒருவேளை கத்தியே வேண்டியிருந்திருக்காது, வளர்ந்து முடிஞ்ச எலும்பை அறுத்துத்தான் நகர்த்தணும் என்றார். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கலோயான் வீக்கத்தோடேயே கண்ணாடி பார்த்துவிட்டு, வீங்கினாலும் பல்லு நேரா இருக்கு, இந்த மூஞ்சியோட அப்பவே பள்ளிக்கூடம் போயிருக்கலாம்மா என்றான்.

நேற்று யோவாவின் பிறந்தநாள் படத்தை அவனிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு கட்டிய பல்லிடுக்கு வழியாகவே, இவளுக்கும் கீழ்ப்பல் முன்னால நிக்குது, இது என் வாய்தான், அக்காகிட்ட சொல்லு என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில்லாப் பூச்சிகிட்ட வந்து அழுறியே என்று கேலி செய்தான்.

ரலி, அவளுக்கு ஏழு ஆகிவிட்டது. சும்மா பல் கோணலாக இருந்தால் காத்திருக்கலாமாம், மேல்தாடையே வளர்ச்சியில் பின்தங்கினால் காத்திருக்கக் கூடாதாம். பால்பல்தானே என்பார் உன் மாமியார். அவர் நல்லவர்தான். நம் டாக்டரும் நல்லவர்தான். மாப்பிள்ளைக்கு லீவு இல்லாவிட்டால் நீ போடு, இந்த மாதமே பல்வரிசை டாக்டரிடம் காட்டு.

கடவுள் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். தேதி கிடைத்ததும் மறக்காமல் தெரியப்படுத்து. கருவி மாட்டினால் குழந்தை அழுவாள், அழட்டும். ரப்பரை அவிழ்த்ததும் கலோயான் மாமா வாய் திறந்து முதலில் அவளோடுதான் பேசுவானாம்.

முத்தங்களுடன்,
அம்மா ஸ்நெஜானா
விதின்