குழாய்க் கணக்கும் ஒரு குட்டும்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் உன் அறைத்தோழி நெட்டைதான். அவள் படம் போடும் அழகென்ன, கணக்குப் போடும் வேகமென்ன! எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன்.

இங்கே என் கல்லூரியும் பரவாயில்லை. உன்னோடு அங்கே எனக்கும் இடம் கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான். நாம் சாய்தளமாக்கி ஆட்டங்காண வைத்த இஸ்திரிப் பலகைக்கு அண்ணன் புதுக் கால் போட்டுவிட்டான். "இனிமே ரெண்டு பேரும் இது மேல எதையாவது உருட்டினீங்க, உங்களையே உருட்டி விட்டுடுவேன்" என்றாள் அம்மா. இரண்டு பேர் என்று அவள் சொன்னதும் பலகையை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படம் எப்படிப் போட்டிருக்கிறாள் பார் என்று நெட்டையின் கணக்குத்தாளை அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் மெல்லிய குழாய், அடியில் வந்து சேரும்போது அதன் வேகம் என்ன என்ற கணக்கு. ஆற்றலை வைத்து ஐந்தே வரியில் முடித்திருக்கிறாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன். கண்டுபிடித்தும் விட்டேன்! நிலைமத் திருப்புத்திறன் சூத்திரத்தில் ஒரு 'பாதி' சேர்த்துப் போட்டிருக்கிறாள். அது கெட்டியான உருளைக்கு அல்லவா? குழாயின் நிறை முழுவதும் ஓரத்தில்தானே இருக்கிறது? அந்தப் பாதியை நீக்கியிருந்தால் வேகம் சரியான அளவுக்குக் குறைந்திருக்கும். சமையலறை வரை குதித்துக்கொண்டே போய் வந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அது நான் எப்போதும் செய்கிற தப்பு! ஒவ்வொரு முறையும், "ஏய் மரமண்டை, குழாய்டீ அது! உள்ள ஒண்ணுமே இல்ல!" என்று என் தலையில் நங்கென்று குட்டுவாயே. இது உன் கண்ணில் படாமல் இருக்காது. பட்டும், அவள் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று பேசாமல் இருந்திருக்கிறாய். என்னிடம் ஒருநாளாவது அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறாயா நீ? அதை நினைத்தபிறகு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

அவளிடம் சொல்லிவிடு. பரீட்சையிலும் அப்படியே போட்டு வைக்கப்போகிறாள், பாவம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகவே சொல். இரண்டு பேரும் நிறைய மதிப்பெண் வாங்குங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் தலையில் மட்டும் குட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் மரமண்டை