நான்காவது போல்ட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்.

சைக்கிள் தயார். முன் பிரேக் இடது கைக்கு வந்துவிட்டது. வலது பக்கம் டேப் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறேன். நீ கேட்டதில் ஒன்றையும் விடவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் சக்கரத்தின் மேல் வைக்கிறேன். எதையும் பூட்டுவதற்கு முன்னால் படித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே, "சரிப்பா, விடுங்கப்பா, பயிற்சிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய்.

இங்கே செய்தி என்றால், கடைத் தெருவைக் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள். பத்து நாளாக ஓயாத பஞ்சர். எதிர்க்கடைத் தையல்காரர், பஞ்சர் வியாபாரத்துக்காகப் பள்ளத்தை வெட்டச் சொன்னதே உன் அப்பாதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் கிளினிக்கில் புதிதாக ஓர் எலும்பு டாக்டர் சேர்ந்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நீ போனில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "வலது கைல லேசான சுளுக்குப்பா. மழைத் தண்ணில வழுக்கிட்டேன். முன் பிரேக்கை மட்டும் இடது கைக்கு மாத்திக் குடுங்க. கியரை விரலால தட்டிக்குவேன்" என்றாய். அங்கேயே மெக்கானிக் இருக்கிறாரே என்றேன். "அவருக்குக் கை பதமா வராதுப்பா, நீங்கதான் செய்யணும்" என்றாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சுளுக்குக்கு எந்த ஊர்லங்க பிரேக்கை இடம் மாத்துறாங்க?" என்று கேட்டாள். ஊசி போடுவது உன் வேலை, பிரேக் என் வேலை என்று நான் வாயை அடைத்தேன். அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அம்மா அப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சைக்கிள் பெட்டி வந்தது. கேபிளை மாற்ற ஹேண்டில்பாரைக் கழற்றினேன். அதை நடுவில் கவ்வும் மூடிக்கு அடியில், ஹேண்டில்பாரில் வட்டமாக ஒரு தேய்ப்பு இருந்தது. இறுக்கமாகப் பிடித்திருந்தால் அந்த இடத்தில் தேய்ப்பு வராது. கவ்விய இடத்திலேயே ஹேண்டில் சுழன்றால்தான் வரும்.

அந்த மூடியின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றும் முன்பே பார்த்திருந்தேன், இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து மூடிவரை அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷால் நான் ஒரு கோடு இழுப்பது வழக்கம். பிறகு போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று போல்ட்டுகளில் கோடே இல்லை. பெயிண்ட் தின்னர் வைத்துத் துடைத்த வாசனை இன்னும் போகவில்லை. நான்காவது போல்ட் அடிப்பக்கம் உள்ளது, கேபிள் மறைக்கும். அதை நீ பார்க்கவில்லை. அதில் கோடு இருந்தது. போல்ட்டில் ஓரிடத்தில், மூடியில் வேறோரிடத்தில். நடுவே அரைத் திருப்பு. நான் விட்டுவைத்த அரைத் திருப்பை, நீ விழுந்த பிறகு யாரோ இறுக்கியிருக்கிறார்கள். அது நீதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீ கடைசியாக வீட்டுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படியே நினைவுக்கு வந்தது. ஸ்டாண்டில் உன் சைக்கிள். பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியருடைய சைக்கிள். அவருடையதை இறுக்கி முடித்துக் கோடு போட்டேன். பிரஷ் கையில் இருந்தது, பாலிஷ் காய்ந்துவிடப் போகிறதே என்று கையோடு கையாக உன் போல்ட்டுகளுக்கும் கோடு போட்டேன். அவற்றை அதுவரை விரல் முறுக்குக்குமேல் கொஞ்சம்தான் திருகியிருந்தேன். கோடு போட்டுவிட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். அந்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தேன். சிவப்புக் கோடு இருந்தது. கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். முப்பத்தொரு வருடப் பழக்கம். டேப் சுற்றி, துடைத்து, உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் நீ விழுந்தாய்.

என் கண்ணை நானே நம்பாமல், உன் அறைத்தோழிக்குப் போன் செய்தேன். ஓயாமல் பேசுகிறாள் என்று நீ குருவி என்று பெயர் வைத்தாயே, அவள் அன்று ஓயாமல் பேசவில்லை. அன்றைக்கு மழை அவ்வளவு பலமா என்று கேட்டேன். "மழையா? எந்த மழை, அங்கிள்?" என்றாள். பிறகு, "ஆமா ஆமா, மழை. நல்ல மழை" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது, பாப்பா. அவளைப் போய்ச் சாட்சிக்கு வைத்திருக்கிறாய்.

அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் கேட்டேன். உனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாளாம். சாலை காய்ந்து கிடந்ததாம். சின்னப் பள்ளம்தான், ஹேண்டில் அப்படியே கீழே மடங்கியதாம். தரையில் உட்கார்ந்தபடியே, அடிபட்ட அந்தக் கையோடு, முதலில் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாயாம். பிறகுதான் வலிக்கிறது என்று சொன்னாயாம். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டார்களாம், ஒன்பதாம் நாள் அதை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினாயாம். பயிற்சியாளர் ஆண்கள் அணியோடு வெளியூரில் இருப்பதால் தெரியாது, வெள்ளிக்கிழமை மாலைதான் வருவார் என்றாள். அங்குள்ள மெக்கானிக்குக்குக் கை பதமா வராது என்று நீ சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. அவர் பார்த்தால் பயிற்சியாளர் காதுக்குப் போய்விடும். நான் பார்த்தால் வெளியே போகாது.

வைப்பதற்கு முன்னால் குருவி அழுதுவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஓட வேண்டாம் என்று உன்னிடம் அவளும் சொல்லிப் பார்த்தாளாம். நீ சொன்ன பதிலை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் ஓடலைன்னா எங்கப்பா ஏன் ஏன்னு நோண்டுவாரு. ஒவ்வொரு நட்டா கழட்டிப் பாத்துடுவாரு. ஓடிட்டேன்னா எல்லாம் மறந்துபோயிடும்." என்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய்.

புதன்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போல்ட் விஷயம் உட்பட. திட்டுவாள் என்று காத்திருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் அந்த எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். குருவி சொன்னதை வைத்துப் பார்த்தால், விரிசல் விட்டது கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கிற சின்ன எலும்பாம். அதற்கு ரத்தம் ஒரு பக்கத்திலிருந்துதான் போகுமாம். விரிசல் விலகிவிட்டால் மறுபக்கத்துக்கு ரத்தம் நின்று அந்தப் பாதி செத்துவிடலாமாம். அப்படி ஆனால் பிடி திரும்பாது, பாட்டில் மூடியைத் திறப்பதும் பூட்டில் சாவியைத் திருப்புவதும்கூடக் கஷ்டம் என்றாராம். தாமதிக்காமல் மறுபடியும் கட்டுப் போட்டால் சேர்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னாராம். அதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். என் வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனேன். ஸீட்டை இறக்கித்தான் ஏறினேன், என் இடுப்பு உன் இடுப்பு இல்லை. தையல்காரர் பார்த்துவிட்டார். "என்ன மாஸ்டர், இந்த வயசுல பழகுறீங்களா? பின்னாடி புடிச்சுக்கிட்டு ஓடி வரட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மூன்று முறை இறங்கினேன். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறை பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். உடம்பு எடை முழுவதும் இடது கைக்கே போய், ஹேண்டில் வலப்பக்கம் இழுத்தது. சமாளித்துவிட்டேன். மூன்றாம் முறை, பாலத்தின் இணைப்பில் சக்கரம் குலுங்கியபோது வலது கை ஹேண்டிலை விட்டே வந்துவிட்டது. காலை ஊன்றி நின்றேன், செருப்பு தேய்ந்தது. என் வேகம் அப்போது உன் வேகத்தில் பாதிகூட இருக்காது. உனக்கு அங்கே பதினோரு கிலோமீட்டர் இறக்கம், இருபத்தாறு வளைவு. பயமுறுத்த எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

பந்தயத்தின் மதிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் ஆறு பேருக்கு அணியில் இடம். போன வருடம் நீ ஏழாவது, அரைச் சக்கர நீளத்தில். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆகவே, இது போனால் இன்னொன்று வரும் என்று நான் எழுதப்போவதில்லை. இந்தப் பந்தயம் திரும்ப வராது. பதினான்கு வயதிலிருந்து நீ செய்ததெல்லாம் இதற்காகத்தான். அதை உன் கையிலிருந்து பறித்தது மழையும் இல்லை, பள்ளமும் இல்லை. நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பெட்டியை அனுப்பவே வேண்டாம் என்றாள் அம்மா. "சைக்கிள் இல்லாம என்ன, நடந்தா ஓடுவா?" என்றாள். அது அவளுடைய சைக்கிள் என்றேன். "கை நாம குடுத்ததுங்க" என்றாள். பயிற்சியாளருக்குப் போன் செய்துவிடலாம் என்று இரண்டு முறை எண்ணை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் உன் விஷயத்தில் என் கை ஒருமுறை பட்டது போதும்.

அதனால் அனுப்புகிறேன். ஓட்டிப் பார்த்த பிறகு ஹேண்டில்பாரை மறுபடியும் கழற்றிவிட்டேன். நான்கும் புதிய போல்ட்டுகள், தனிப் பையில் போட்டிருக்கிறேன். அங்குள்ள மெக்கானிக்கை விட்டு, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது, முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரில் 'டிக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கச் சொல். பழைய நான்கும் என்னிடம் இருக்கட்டும்.

கூடவே தனியாக ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அது பயிற்சியாளருக்கு. சைக்கிளைப் பூட்டியவன் நான், போல்ட்டை இறுக்காமல் விட்டது என் தவறு, விழுந்ததில் அவள் மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது நீ சொல்ல வேண்டியது. கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

நீ எனக்காக மறைத்தாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை, பாப்பா. கோபம் இல்லை. அப்பனைக் காப்பாற்றும் வயது வந்துவிட்டதா உனக்கு என்றுதான் தோன்றுகிறது. இப்போது எல்லாம் எனக்குத் தெரியும். என்னிடமிருந்து மறைக்க இனி ஒன்றும் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை ஓடினாலும் எனக்கு எதுவும் மறந்துபோகாது. ஆகையால் அந்த ஒரு காரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. எடுத்த பிறகும் ஓட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அது உன் முடிவு. இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். அம்மாவையும் சம்மதிக்க வைத்திருக்கிறேன், பாதி.

முடிவை என்னிடம் போனில் சொல்ல வேண்டாம். உனக்குச் சொல்வது கஷ்டம், எனக்குக் கேட்பது கஷ்டம். சனிக்கிழமை காலை அங்கிருந்து கிளம்பும் பஸ் இங்கே நான்கு மணிக்கு வந்து சேரும். அன்று மதியத்தோடு கடையை மூடிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் நானும் அம்மாவும் நிற்போம். அம்மா கிளினிக்கில் அந்த டாக்டரை ஆறு மணிவரை இருக்கச் சொல்லியிருக்கிறாள். அது சும்மா ஒரு முன்னேற்பாடுதான், நீ அதை நினைத்து எதையும் முடிவு செய்யாதே.

அந்த பஸ்ஸில் நீ வராவிட்டால் புரிந்துகொள்வோம். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம், வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். ஆனாலும் அது வந்து நின்றதும் உடனே திரும்பிவிட மாட்டேன். உனக்குத்தான் பழக்கமாயிற்றே, பின் ஸீட்டில் தூங்கிப்போய்க் கடைசியாக இறங்குவாய். எல்லோரும் இறங்கி, கண்டக்டர் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, டிரைவர் கதவைச் சாத்தும்வரை நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருப்போம்.

நல்லபடியாக இரு, மகளே. கையைப் பார்த்துக்கொள்.

உன் அன்புள்ள,
அப்பா