பெடலை விடாத கால்

பிப்ரவரி 4
இன்றும் தையல் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓடி, பள்ளிச் சட்டையின் கையையும் கழுத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டது. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன். முதுகுவலி வழக்கம்போல. சாயங்காலமானால் காய்ச்சல் வேறு. வருடக்கணக்காகக் குனிந்து தைக்கும் முதுகு பின்னே என்ன செய்யும்?

பிப்ரவரி 5
மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். என்னைத் தைக்கச் சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் பார்த்தார்.
"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. நீங்க காலை எடுக்கவே இல்ல."
எடுத்தேனே! சண்டைக்கே போய்விட்டேன். குனிந்து பார்த்தால் — கால் பெடல் மேலேயே இருக்கிறது. யாருடைய காலோ மாதிரி.

பிப்ரவரி 11
ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி 20
முதுகெலும்பில் காசநோயாம்.
"எனக்கு இருமலே இல்லையே டாக்டர்?" என்றேன்.
"முதுகெலும்பு எங்கம்மா இருமும்?" என்றார் டாக்டரம்மா.
கிருமி மூச்சோடு உள்ளே போய், ரத்தம் வழியாக எலும்பில் குடியேறிவிட்டது. எலும்பை அரித்து, சீழ் கட்டி, கால்களுக்குப் போகும் நரம்புகளை அழுத்துகிறது. நுரையீரல் சுத்தம், வீட்டில் யாருக்கும் ஒட்டாது. மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கால் இன்னும் தளர்ந்தால் ஆபரேஷன்.
"உணர்ச்சி திரும்புமா?"
"நிறைய பேருக்குத் திரும்பும். பொறுத்துதான் பாக்கணும்."
அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தபடி பட்டன் தைத்தேன்.

பிப்ரவரி 23
சிறுநீர் ஆரஞ்சு நிறம். மாத்திரைதான் காரணமாம். சரி.

மார்ச் 20
காய்ச்சல் நின்றது. கால் அப்படியே. "ஏதாவது தெரியுதா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். இல்லை என்றால் முகம் தொங்கிவிடுகிறது. நேற்று ஆமாம் என்று பொய் சொன்னேன், அவருக்கு வாயெல்லாம் பல். இன்று அவர் கேட்பதற்குள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். இப்படியே இருந்துவிட்டால் — என்ன பண்ணுவேன்? பயம்கூடச் சரியாக வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 9
ஒன்றுமில்லை.

ஜூன் 14
காலையில் மகள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பாதி வழியில் எரிச்சல் வந்துவிட்டது.
"ஏண்டி, பிழிஞ்சு துடைக்க மாட்டியா? கால் சில்லுனு இருக்கு!"
அவள் நிமிர்ந்தாள். "என்னம்மா சொன்ன?"
"பிழிஞ்சு துடைன்னேன்."
"அது இல்லம்மா. அதுக்கு அப்புறம்."
அப்புறம் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். அதற்குள் அவள் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு என் கால்மேலேயே ஊற்றினாள்.