அலுமாரியில் தொங்கிய காது

ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். காதுக்குப் பின்னால் எலும்பில் காது கேட்கும் கருவி வைத்த காயம் ஆறிவிட்டது. அதன் வெளித்துண்டு காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும்.

நேற்று வேலையிடத்தில் இரும்பு அலுமாரிக்குள் தலையை விட்டேன். துண்டு அதில் ஒட்டிக்கொண்டது. கூட வேலைசெய்யும் நிஷாந்தி அக்காதான் எடுத்து மாட்டிவிட்டு, "அடியே, உன்ர காது அலுமாரியில தொங்கினது!" என்று சிரித்தார்.

கல்யாணம் பேச வருகிறவர்களுக்குத் தெரியாமல் அந்தத் துண்டை முடியால் மறைக்கச் சொன்னீர்கள். மாட்டேன், அம்மா. கொண்டைதான் போடுவேன். இரும்பு ஊசியைக் காந்தம் இழுக்கிறது. உங்கள் பிளாஸ்ரிக் கொண்டையூசிகளில் இரண்டு அனுப்புங்கள். இங்கேயும் வாங்கலாம்தான், ஆனாலும் உங்களுடையது வேண்டும்.

பஸ் வருகிறது. இதற்கு ஏசுவதென்றால் வழக்கம்போல எழுதி ஏசாமல், போன் எடுத்து வாய்விட்டு ஏசுங்கள். எனக்குக் கேட்கும்.

யதுஷா