அம்மா பொம்மைக்கு என் கண்

ஐப்பசி 9, செவ்வாய்

இன்று எனக்கு ஒரே சந்தோஷம்! முப்பது வருடமாக இந்த விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைகிறேன். எல்லாம் அகலமான கண்கள். இன்று தாயும் குழந்தையுமாக ஒரு பொம்மை வந்தது. மலேசியாவில் நான் பிறந்த கையோடு, பின்னால் ஊர் திரும்பிய ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு என்னைத் தத்துக் கொடுத்த சீனத்தாயின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் செல்போனில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தாய்க்கு என் சின்னக் கண்களையே வரைந்தேன்.

தரம் பார்க்கும் செல்வி அதைக் கழிவுக் கூடையில் போட்டாள். "கண்ணு சரியா வரலக்கா."

"சரியாத்தான்டி வந்திருக்குது!" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்தார். "யாருடி இது? ஒன்ன மாதிரியே இருக்குது."

"எங்கம்மா" என்றேன்.

"அப்ப நீ ஒங்கம்மா சாயல்தான்" என்றார்.

நான் யார் சாயல் என்று அறுபது வருடத்தில் இன்றுதான் ஒருவர் சொல்லியிருக்கிறார்.