இரண்டாமவன் என்று எழுதிய பலகை

தியெப்புக்கு அப்பா எழுதுவது. உன் கடைப்பலகையில் நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய், அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நலம் கேட்கிறேன். நான் நலம். நீயும் லூவாவும் பிள்ளையும் அந்தச் சைகோன் வெயிலில் நலமென்றே வைத்துக்கொள்கிறேன்.

முடிவெட்டும் ஸ்வான் தன் மகள் கல்யாணத்துக்கு அங்கே போனவன், உன் கடையில் ஒரு கிண்ணம் ஃபோ, சேவையும் சாறுமாக, சாப்பிட்டிருக்கிறான். திரும்பி வந்து, என் கடையில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைபேசியில் படத்தைக் காட்டினான். நம் ஊர்ப் பெயரோடு என் பெயரையும் சேர்த்து ‘நாம்டின் ஃபோ, இரண்டாமவர் பாங்’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறாய். “ஏம்ப்பா பாங், உங்கப்பாவுக்கு உனக்கு மூத்ததா ஒரு பிள்ளை இருந்துச்சா? சொல்லவே இல்லையே!” என்றான். சிரித்தவர்களில் இருவர் என் சொந்தக்காரர்கள். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், “இங்க மூத்தவரைத்தான்பா ரெண்டாமவர்னு சொல்லுவாங்க, மரியாதைக்கு” என்கிறாய். அது அவர்கள் வழக்கம். இங்கே இரண்டாமவன் முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்ற மூத்தவனான என் அனுமதி கேட்கவேண்டும், அது நீ தவழும்போதே பார்த்தது. போனைப் பிடுங்கி லூவா சொன்னதும் மறக்கவில்லை: “மாமா, உங்க சாறு வெறும் உப்புத்தண்ணியா இருக்குங்கறாங்க. கற்கண்டு போட்டாத்தான் இங்க ஓடும்.” போடட்டும். மாட்டுக்குத் தீவனம் வைப்பதுபோல் தட்டு நிறைய முளைப்பயறும் துளசியும் வைக்கட்டும், இனிப்புக் கருங்குழம்பை மேலே ஊற்றட்டும். எலும்பும் வெங்காயத்தாளும் பூண்டூறிய காடியும் போதுமென்று நாற்பது வருடம் ஆக்கிய என் பெயரை அதன் மேல் ஏன் ஒட்டவேண்டும்? உன் அம்மா இருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பாள். அதனால்தான் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அவளைப் புதைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. நம் வழக்கப்படி பன்னிரண்டாம் மாதம் ஆறாம் நாள் குழியைத் திறந்து, எலும்பைக் கழுவி, சிறுபெட்டியில் வைக்க நாள் பார்த்தாயிற்று. கழுவுவது மூத்த மகன் கை. சாற்றில் சர்க்கரை போட்ட கை என்று ஊர் சிரிக்க, அது அவளைத் தொட நான் விடமாட்டேன்.

பிள்ளையின் இருமலுக்கு இஞ்சி கொடுங்கள், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். உங்கள் வீட்டில் நோய் நுழையாதிருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும். இனி ஆகவேண்டியது இது. பலகையை நீயே ஏணியில் ஏறிக் கழற்றவேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது. புதுப்பலகையில் லூவா தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும், சர்க்கரை அவளுடையதுதானே. கழற்றியதைப் படமெடுத்து எனக்கல்ல, ஸ்வானுக்கு அனுப்பு. அவன் ஆறு பேர் முன்னால் எனக்குக் காட்டவேண்டும். அது நடந்தால் ஐந்தாம் நாளே வந்துவிடு. நடக்காவிட்டால் வராதே, உன் சித்தப்பா மகன் ஹிங் கழுவுவான். உன்னை முதுகில் சுமந்துகொண்டு வழுக்கி விழுந்தபோது உன் அம்மாவுக்கு உடைந்த கணுக்கால் எது என்று அவனுக்குத் தெரியாது. நான் காட்டிவிடுகிறேன்.

உன் அப்பா
பாங்