உப்பு போன வழி

12-3-1987
குடிநீர் நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து நாலு மாதம். ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரை மோட்டார் அழுத்தித் தள்ள, குழாய்க்குள் சுருட்டி வைத்த சவ்வு வடிகட்டுகிறது. பத்துக் குடம் போனால் நாலு குடம் நல்ல தண்ணீர். "ஏனுங்க, இப்பத்தான் பருப்பு பதமா வேகுது" என்கிறாள் மயிலம்மாள். மனைவி பாராட்டினால் தனி சந்தோஷம்தான்.

20-3
கூடப்பிறந்த அத்தாயி அக்கா வந்தாள். நிலையத்துக்குக் கீழ்ப்புறம் அவள் தோட்டம். "தம்பி, கெணத்துத் தண்ணி கரிக்குதுடா. வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகுது."
வெயில் அக்கா, என்றேன். மிச்ச ஆறு குடம் எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உப்பெல்லாம் சேர்ந்த அந்தக் கழிவை ஓடைப் பள்ளத்தில் விடுகிறோம். பள்ளம் அவள் கிணற்றை ஒட்டித்தான் போகிறது.

21-3
அக்கா தோட்டத்து வழியை விட்டு, சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

27-3
அக்கா கிணற்றுத் தண்ணீரை உப்பு மீட்டரில் பார்த்தேன். நான் சேர்ந்த நவம்பரில் அளந்தபோது 1400. இன்று 2900. ஆனால் மேல்புறம் சென்னியப்பன் கிணறும் 1500லிருந்து 2100 ஆகியிருக்கிறது. அங்கே எங்கள் கழிவு போகவே இல்லை. அப்படியானால் இதில் வறட்சி எவ்வளவு, நான் எவ்வளவு?

30-3
இன்ஜினியர் சுவாமிநாதனிடம் கேட்டேன். "சவ்வு உப்பை அழிக்காது காளியண்ணன். பிரிச்சு விடும், அவ்வளவுதான். கழிவுக்குத் தனித் தொட்டி பிளான்ல இருக்கு. உத்தரவு வரணும்." எப்போது? "தெரியல" என்றார். பொய் சொல்லியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

4-4
மோட்டார் போடவில்லை. ரிப்பேர் என்று புளுகினேன். பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள், மயிலம்மாளும். வீட்டில் என் பொய்யைப் பிடித்துக்கொண்டாள். "உங்கக்காளுக்கு ஒரு தோட்டம். ஊருல எரநூறு ஊடுங்க. இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"
அவள் சொல்வதும் நியாயம்; அக்கா பிள்ளைகளும் இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கின்றன? எதுதான் சரி — யாராச்சும் சொல்லித் தொலைங்களேன்!

5-4
மோட்டார் போட்டேன்.

9-4
மூன்று நாள் மண்வெட்டி பிடித்தேன். பள்ளத்துக்குப் போகும் வழியை அடைத்து, கழிவை வடக்கே என் மானாவாரிக் கடலைக்காட்டுக்குத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் கிணறு கிடையாது. செய்தது சரியா? "கடலைக்கு எங்கங்க போறது?" என்று மயிலம்மாள் திரும்பிப் படுத்துவிட்டாள்.

18-8
காட்டில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. இந்த வருஷம் கடலை இல்லை. தொட்டி உத்தரவும் இல்லை.

2-12
நல்ல மழை. அக்கா கிணறு 1700. சென்னியப்பன் கிணற்றிலும் உப்பு இறங்கியிருக்கிறது. மழையா, நான் வெட்டிய வாய்க்காலா? இன்னும் தெரியவில்லை.
கழிவு எங்கே போனதென்று தெரிந்த ஏப்ரலிலிருந்து, என் முகம் பார்க்காமல் பிள்ளைகளையே தண்ணீருக்கு அனுப்பிக்கொண்டிருந்த அக்கா, இன்று தானே வந்து வரிசையில் நின்றாள். நான் குடத்தை வாங்கி வைத்தேன்.
"உன் காட்டப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றாள். "எங்க மேக்காலக் காடு சும்மாத்தான கெடக்குது. கடலைய அதுல போடு, சாமி."
குடம் நிறைந்து வழிந்தது. பின்னால் நின்றவர்கள்தான் சத்தம் போட்டார்கள்.